கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

நிலக்கரிச் சுரங்கம் ஒன்றையும் அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள மின்சார நிலையம் ஒன்றையும் தண்டவாளத்தால் இணைத்து, இரு முனைகளிலும் ஸ்டேஷன் அமைத்து, கடன் வாங்கிய மூலதனத்தில் ஓர் என்ஜினையும் சில கரி வண்டிகளையும் வாங்கி ஓடவிட்டு, முதல் வண்டி சுமையை இறக்கியவுடன் அதன் தலைக்குமேல் வருமானத் தொகை எழும்பி மறைவதைக் கண்டு களிப்பதே முதற் பாடமாக அமைந்த கணினி விளையாட்டு ஒன்று, 'ட்ரான்ஸ்போர்ட் டைகூன்' என்னும் பெயரோடு 1994 ஆம் ஆண்டில் மைக்ரோப்ரோஸ் ஸ்தாபனத்தாரால் வெளியிடப்பட்டது. கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இயந்திரத்தின் பாஷைக்கு மிக அணுக்கமான அசெம்பிளி மொழியில் அதை எழுதினார். மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற அதன் சித்திரங்களை சைமன் ஃபாஸ்டர் தீட்டினார். ஜாஸ் சாயல் கொண்ட அதன் சங்கீதத்தை ஜான் ப்ரூம்ஹால் அமைத்தார். மறு ஆண்டே 'டீலக்ஸ்' என்ற விரிந்த பதிப்பும் வந்தது. பிறகு மைக்ரோப்ரோஸ் கம்பெனியை 1998 இல் ஹாஸ்ப்ரோ வாங்க, ஹாஸ்ப்ரோவின் விளையாட்டுப் பிரிவைப் பிரான்ஸ் தேசத்து இன்ஃபோக்ராம்ஸ் வாங்க, கம்பெனிகள் கைமாறிய அந்தக் காலத்தில் விளையாட்டு கடைகளிலிருந்து மெல்ல மறைந்துவிட்டது.

மறைந்தது பெட்டிதானேயொழிய ஆட்டம் அன்று. லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர், பிற்காலத்தில் மியூடாரென்ட்டையும் ஸ்பாட்டிஃபையின் ஆரம்ப நிரல்களையும் எழுதிப் புகழ் பெற்றவர், டீலக்ஸ் பதிப்பின் இயந்திரக் குறிகளைப் பிரித்துப் படித்து, அவற்றை 'சி' மொழிக்கு மாற்றி, 2004 மார்ச்சில் 'ஓப்பன்டிடிடி' என்ற பெயரால் எல்லோருக்கும் வழங்கினார். ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டதால் யாரும் அதைப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்க்கும் கொடுக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல தேசங்களிலுள்ள தன்னார்வலர்கள் கூடி அதை வளர்த்து வருகிறார்கள். மூல ஆட்டத்தில் கனவிலும் நினைக்க முடியாத பெரிய வரைபடங்களும், பலர் ஒருங்கே கூடி ஆடும் வசதியும், நுட்பமான சிக்னல் முறைகளும் அதில் சேர்ந்துவிட்டன. 2021 இல் ஸ்டீம் என்னும் இணையக் கடையிலும் அது விலையின்றி வெளியாயிற்று.

இத்தனையும் நல்ல காரியமே. ஆனால் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியவானின் கதையை அறிந்த நமக்கு, தேங்காய் யாருடையது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. வர்த்தக ரீதியில் வெளியிடப்பட்ட விளையாட்டு ஒன்றைப் பார்த்து அதைப்போலவே மற்றொன்றைச் செய்து, அதன் மூலநிரலையும் திறந்து வைத்து, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உலகத்துக்கு வழங்கும் வழக்கம் இன்று நூற்றுக்கணக்கான திட்டங்களாகப் பெருகியிருக்கிறது. விலை வாங்கவில்லை என்பதனாலேயே அதில் குற்றமில்லை என்று வழங்குவோரில் பலர் நம்புகிறார்கள். பிரதி என்பதனாலேயே அது திருட்டு என்று கம்பெனிகளின் வக்கீல்கள் சாதிக்கிறார்கள். இரண்டுமே சட்டத்தைச் சரியாகச் சொன்னதாகா.

முதலில், ஆட்டத்தின் விதிகள் எவருக்கும் சொந்தமல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். இக் கொள்கையின் மூலத்தைத் தேடிச் சென்றால், வீடியோ கேம் என்ற பேச்சே இல்லாத 1879 ஆம் ஆண்டுக்கு, கணக்கு எழுதும் முறை பற்றிய ஒரு வழக்குக்குப் போய்ச் சேர்வோம். செல்டன் என்பவர் புதியதொரு கணக்கு முறையை விளக்கிப் புத்தகம் எழுதினார். பேக்கர் என்பவர் ஏறக்குறைய அதே முறையில் கணக்கேடுகளை அச்சிட்டு விற்றார். புத்தகத்தில் உள்ள விளக்கத்துக்கே பதிப்புரிமை உண்டு, விளக்கப்பட்ட முறைக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கருத்துக்கும் வழிமுறைக்கும் பாதுகாப்பில்லை, அவை வெளிப்பட்ட உருவத்துக்கே பாதுகாப்பு என்ற அந்தக் கொள்கை பின்னர் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலும், உலக வர்த்தக ஸ்தாபனத்தின் ட்ரிப்ஸ் உடன்படிக்கையிலும் ஏறிவிட்டது. ஆகவே, ரயில் விட்டுப் பணம் சம்பாதிக்கும் ஆட்டம் என்பதோ, நாகரிகம் ஒன்றைக் கற்காலத்திலிருந்து விண்வெளிவரை வளர்க்கும் ஆட்டம் என்பதோ எந்தக் கம்பெனியின் பட்டயச் சொத்தும் அன்று.

விதி எங்கே முடிகிறது, உருவம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வியாஜ்யங்கள் எழுந்தன. 'பேக்-மேன்' புகழின் உச்சியில் இருந்தபோது ஃபிலிப்ஸ் கம்பெனியார் 'கே.சி. மன்ச்கின்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் தின்னப்பட வேண்டிய புள்ளிகள் பன்னிரண்டே. அவை நின்ற இடத்தில் நில்லாமல் ஓடவும் செய்தன. சுவர் வழிகளும் வேறு. இருந்தும், வாயைத் திறந்து மூடிச் செல்லும் உருண்டையும் கண் உருட்டும் பேய்களும் மூலத்தின் சாயலையே கொண்டிருக்கின்றன என்று கண்ட அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், 1982 இல் அதன் விற்பனையைத் தடுத்தது. ஆறு ஆண்டு கழித்துக் கராத்தே ஆட்டம் ஒன்றுக்காக டேட்டா ஈஸ்ட் கம்பெனி எபிக்ஸ் கம்பெனிமீது தொடுத்த வழக்கில் முடிவு நேர் எதிராயிற்று: இரண்டிலும் உள்ள ஒற்றுமைகள் கராத்தே என்ற வித்தையிலிருந்தே வருவன, அவற்றை ஒருவர் தமக்கென்று வேலியிட்டுக்கொள்ள இயலாது என்றனர் நீதிபதிகள். அதே டேட்டா ஈஸ்ட் 1994 இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தைப் பின்பற்றியதற்காகக் காப்காம் கம்பெனியால் வழக்குக்கு இழுக்கப்பட்டபோது, முன்பு தான் தோற்ற தீர்ப்பையே கேடயமாகப் பிடித்துத் தப்பியது. சட்ட சரித்திரத்தில் இத்தகைய நகைச்சுவைகள் அபூர்வமல்ல.

திறந்த மூல உலகத்தார் மறவாமல் படிக்க வேண்டிய வழக்கு டெட்ரிஸ் வழக்கே. மாஸ்கோவிலுள்ள சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் 1984 இல் அலெக்ஸி பஜித்நோவ் சிருஷ்டித்த அந்த ஆட்டத்தை, ஐஃபோனில் 'மினோ' என்ற பெயரால் ஸியோ என்ற சிறு கம்பெனி 2009 இல் வெளியிட்டது. பிரதிவாதி சாமர்த்தியமாகவே வாதாடினார்: ஆம், டெட்ரிஸைப் பார்த்துத்தான் செய்தோம், முன்னதாகச் சட்டத்தையும் ஆராய்ந்து, பாதுகாப்பில்லாத விதிகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம், ஒரு வரி நிரலையும் திருடவில்லை. நியூ ஜெர்சி மாவட்ட நீதிமன்றம் இவ்வாதத்தை 2012 இல் தள்ளிவிட்டது. பத்துக் கட்டம் அகலமும் இருபது கட்டம் உயரமுமான களம், விழப்போகும் துண்டின் நிழல் அடியில் முன்கூட்டியே தெரிவது, அடுத்த துண்டைக் காட்டும் மூலை, துண்டு அமர்ந்தவுடன் நிறம் மாறுவது, ஆட்டம் முடிந்ததும் களம் தானே நிரம்புவது ஆகிய இவை யாவும் வேறு எத்தனையோ விதமாக அமைக்கப்பட்டிருக்கலாம், அவ்வாறிருக்க இவற்றை இப்படியே எடுத்தது உருவத்தை எடுத்ததேயாகும் என்பது தீர்ப்பின் சாரம். இரண்டு திரைகளையும் அருகருகே வைத்தால் எது எதுவென்று சாமானியனால் சொல்ல முடியாது என்பதும் நீதிபதியின் மனத்தில் பெரிதாக நின்றது.

இத் தீர்ப்பில் ஓர் இடம் எனக்கு உடன்பாடில்லை. நான்கு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால், திருப்பி வைத்தவற்றை ஒன்றாகவே எண்ணினால், ஏழு வடிவங்களுக்கு மேல் வாரா. இது கணித சாஸ்திரம், பஜித்நோவின் கற்பனையல்ல. அவ்வேழு துண்டுகளின் உருவத்தையும் பாதுகாப்புக்கு உட்பட்டவற்றோடு சேர்த்து எண்ணியது வரம்பு மீறியதாகவே தோன்றுகிறது. எனினும், 'நிரலை நானே எழுதினேன்' என்ற ஒற்றைச் சொல்லைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டு திரிபவர்களுக்கு அத்தீர்ப்பு தக்க எச்சரிக்கை. நிரல் முழுதும் சொந்தக் கையால் எழுதப்பட்டு, திரை முழுதும் பிறருடையதாக இருந்தால், வழங்கப்படுவது பிறருடைய திரையே.

இனி நிரலின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். குளோன் என்று ஒரே பெயரால் அழைக்கப்படுபவற்றுள் இரண்டு வம்சங்கள் உண்டு. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் சர்வகலாசாலையில் கணினி விஞ்ஞானம் பயின்ற மூன்று மாணவர்கள், சிட் மையரின் 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் பலர் கூடி ஆடும் வசதி இல்லையே என்ற குறையால், 1995 நவம்பரில் 'ஃப்ரீசிவ்' என்ற ஆட்டத்தை எழுதத் தொடங்கினார்கள். ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்கள், விதிகளைக் கற்றார்கள், பிறகு வெற்றுத் தாளிலிருந்து தாங்களே எழுதினார்கள். விதிகள் தனியாக, எவரும் படித்து மாற்றக்கூடிய எழுத்துக் கோப்புகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. மூல ஆட்டத்தின் விதிகளைப் பின்பற்றும் தொகுதிக்கு வெளிப்படையாக அதன் பெயரையே சுருக்கி இட்டிருக்கிறார்கள். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பார்த்துக் கற்றுத் தானே செய்வது ஆதிகாலம் முதல் எல்லாக் கலைகளும் வளர்ந்த வழி.

மற்ற வம்சம் இயந்திரக் குறிகளைப் பிரித்துப் படித்து உருவானது. டீலக்ஸ் பதிப்பிலுள்ள குறிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் செய்யும் வேலையை அறிந்து, அதையே 'சி' மொழியில் எழுதினால் கிடைப்பது சட்டத்தின் கண்ணில் ஒரு மொழிபெயர்ப்பே. மொழிபெயர்க்கும் உரிமையோ மூல ஆசிரியரைச் சேர்ந்தது. இதற்கு மாறாக, பிரித்துப் படிப்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றனவே என்று ஸேகா வழக்கை எடுத்துக்காட்டுவார் உண்டு. 1992 இல் தீர்ந்த அவ்வழக்கில், ஸேகாவின் விளையாட்டுப் பெட்டியில் ஓடக்கூடிய கார்ட்ரிட்ஜ் செய்வதற்காக அக்கோலேட் கம்பெனியார் ஸேகாவின் நிரலைப் பிரித்துப் படித்தது நியாயமான உபயோகமே என்று தீர்ப்பானது உண்மை. ஆனால் அக்கோலேட் கம்பெனியார் படித்ததைக் கொண்டு பெட்டியோடு பேசும் முறையை மட்டும் அறிந்துகொண்டு, தங்கள் ஆட்டங்களைத் தாங்களே எழுதினார்கள் என்பதை மறந்துவிட்டால் அத்தீர்ப்பைப் பாதி படித்ததாகும். ஐ.பி.எம். கணினியின் அடிப்படை நிரலுக்கு ஈடாக வேறொன்றைச் செய்த ஃபீனிக்ஸ் கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போய், மூலத்தைப் படித்துக் குறிப்பு எழுதுவோர் ஓர் அணி, மூலத்தைக் கண்ணாலும் பாராமல் அக்குறிப்பை மட்டும் கொண்டு நிரல் எழுதுவோர் மற்றோர் அணி என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஐரோப்பியத் தேசங்களுக்கென்று 1991 இல் வகுக்கப்பட்ட மென்பொருள் விதியும், பிரித்துப் படிப்பதை ஒரு நிரல் மற்றொன்றோடு ஒத்து இயங்குவதற்காக மட்டுமே அனுமதித்து, உருவத்தில் அதைப் போன்ற மற்றொரு நிரலைச் செய்ய அதைப் பயன்படுத்தலாகாது என்று தடை விதிக்கிறது.

அப்படியானால் ஓப்பன்டிடிடியின் அஸ்திவாரம் எத்தகையது? அதைப் பற்றி எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னதில்லை. இருபது ஆண்டுகளில் அதன் நிரலில் பெரும்பகுதி மாற்றி எழுதப்பட்டுவிட்டது. சாயர் தரப்பிலிருந்து பெரிய தடை ஏதும் எழவில்லை. 2013 இல் அவருடைய கம்பெனி கைபேசிகளுக்கென்று பழைய ஆட்டத்தை மீண்டும் வெளியிட்டபோதும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. ஆயினும் பொறுத்துக்கொள்ளப்படுவது வேறு, பாத்தியதை வேறு. பொறுத்துக்கொள்பவர் இறந்த பிறகோ, உரிமை வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்ட பிறகோ, அந்தப் பொறுமையும் சேர்ந்தே விற்பனையாகும் என்று நிச்சயமில்லை.

பொறுமை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 'ஆர்இ3' திட்டம் சாட்சி. 2001 லும் 2002 லும் வெளியான இரண்டு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆட்டங்களின் இயந்திரக் குறிகளைச் சில ரசிகர்கள் பிரித்துப் படித்து, புதிய கணினிகளில் சீராக ஓடும்படி மீண்டும் எழுதி, கிட்ஹப் தளத்தில் வைத்தார்கள். சித்திரம், ஒலி எதையும் அவர்கள் கொடுக்கவில்லை. மூல ஆட்டத்தை விலைக்கு வாங்கியவனே அதை ஓட்ட முடியும். ஆகையால் கம்பெனிக்கு விற்பனை நஷ்டமில்லை, லாபமே என்று எண்ணினார்கள். ஆட்டங்களின் உரிமையாளரான டேக்-டூ கம்பெனி 2021 பிப்ரவரியில் டி.எம்.சி.ஏ. என்னும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பி அதை நீக்கச் செய்தது. அச்சட்டத்தின் பொறி அமைந்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது: உரிமையாளர் புகார் செய்தவுடன் தளத்தார் பொருளை எடுத்துவிட வேண்டும், வைத்தவர் எதிர் நோட்டீஸ் கொடுத்தால், பத்து முதல் பதினான்கு வேலை நாட்களுக்குள் உரிமையாளர் வழக்குத் தொடுத்தாலன்றிப் பொருளை மீண்டும் வைத்துவிடலாம். எதிர் நோட்டீஸ் கொடுப்பவர் தம் பெயரையும் விலாசத்தையும் வெளியிட்டு, நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கும் கட்டுப்படுவதாக ஒப்ப வேண்டும். துணிந்து அவ்வாறே செய்தார்கள். நிரல் மீண்டும் தளத்தில் ஏறியது. செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கு வந்தது. தீர்ப்பு என்று ஒன்று வராமலேயே அவ்வழக்கு முடிந்து, திட்டமும் மறைந்தது. ரசிகர்கள் தாம் வாழ்நாளெல்லாம் நேசித்த ஆட்டத்தின் பொருட்டே பிரதிவாதிகளாக நிற்க நேர்ந்தது பரிதாபமே. ஆனால் 'மூலத்தை வாங்கியவனே ஆட முடியும்' என்ற சமாதானம், நிரலைப் பொறுத்தவரை ஒரு பயனும் அற்றது என்பதை அவர்கள் முன்னமே அறிந்திருக்கலாம்.

சித்திரத்தையும் ஒலியையும் பொறுத்தவரை அந்தச் சமாதானம் பயனுள்ளதே. ஓப்பன்டிடிடியும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. டீலக்ஸ் பதிப்பின் குறுந்தகட்டிலிருந்து ஐந்து சித்திரக் கோப்புகளையும் ஓர் ஒலிக் கோப்பையும் எடுத்து உரிய அறையில் இட்டால்தான் அது வாய் திறக்கும். மென்பொருளின் ஜாதகத்தை நுணுகிப் பார்ப்பதில் பேர்போன டெபியன் திட்டத்தார் இத்தகைய ஆட்டங்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: நிரல் கட்டற்றதாக இருந்தாலும் அது இயங்குவதற்குக் கட்டுள்ள பொருள் தேவையானால், அது பிரதான அறைக்குள் வராமல் 'கான்ட்ரிப்' என்ற திண்ணையில் இருக்க வேண்டும். அந்தத் திண்ணையிலிருந்து உள்ளே வருவதற்காக ஓப்பன்டிடிடியின் அன்பர்கள் மேற்கொண்ட பிரயாசை மெச்சத்தக்கது. என்ஜின் ஒன்று எட்டுத் திசையிலும் தோன்றும் கோலம், மரங்களின் வகைகள், சரிவுகளின் விளிம்புகள், ஊர் வீடுகள், சிக்னல் விளக்குகள் என்று ஆயிரக்கணக்கான சிறு சித்திரங்களை, மூலத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும், மூலத்தின் பிரதியாக இருக்கக் கூடாது என்ற இரட்டை நிர்ப்பந்தத்தில், பலர் கூடிப் புதிதாக வரைந்தார்கள். ஒலியும் சங்கீதமும் அவ்வாறே புதிதாகச் சேர்ந்தன. 2010 ஏப்ரல் முதல் தேதி வெளியான 1.0.0 பதிப்பு, பழைய தகடு ஒன்றும் இல்லாமலேயே ஓடிற்று. நிரலின் பூர்விகத்தைப் பற்றிச் சற்றுமுன் நான் எழுப்பிய சந்தேகம் எதுவாயினும், இச் சித்திரங்களைக் கொடுத்தவர்கள் தங்கள் கையில் இருந்ததையே கொடுத்தார்கள்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிப்புரிமையிலிருந்து தப்பியவனை வர்த்தகக் குறிச் சட்டம் பிடித்துக்கொள்ளும். கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள் 'ஸ்க்ரேபிள்' ஆட்டத்தைப் பின்பற்றி 'ஸ்க்ராபுலஸ்' என்பதை இணையத்தில் நடத்த, ஃபேஸ்புக்கில் அது பெரும் பிரபலம் அடைந்ததும், மேட்டல் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2008 செப்டம்பரில் நீதிபதி ரவீந்திர பட் அளித்த இடைக்கால உத்தரவு இரு தரப்புக்கும் பாதி வெற்றி: ஸ்க்ரேபிள் பலகையின் கட்டங்களும் நிறங்களும் விதியோடு ஒன்றிக் கலந்தவையாதலால் பதிப்புரிமைக்கு இடமில்லை, ஆனால் ஸ்க்ராபுலஸ் என்ற பெயரை உபயோகிக்கக் கூடாது. ஆட்டம் 'லெக்ஸுலஸ்' ஆயிற்று. பிறர் குறியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பெயரைச் சூட்டி ஆட்டத்தைப் பிரபலமாக்கப் பார்ப்பது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம். க்னோம் என்னும் திறந்த மூலத் திட்டத்தார், டெட்ரிஸைப் பின்பற்றிய தங்கள் 'க்னோமெட்ரிஸ்' என்ற ஆட்டத்துக்கு 'க்வாட்ராபாஸெல்' என்று பெயர் மாற்றியதால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாக எண்ணுகிறது. ஆயினும் ஒரு நிரலை முறையாகப் பெற்றவன் அதன் அடிப்படைக் கருத்துக்களை அறியும்பொருட்டு அதன் இயக்கத்தைக் கவனிக்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம் என்றும், தானே தனித்து எழுதிய நிரலோடு ஒத்து இயங்குவதற்கான விவரங்களை வேறு வகையில் எளிதில் பெற முடியாதபோது அவற்றை அறிய வேண்டியதைச் செய்யலாம் என்றும் 52 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆடும் முறைகளுக்குப் பேடன்ட் கிடையாது என்று பேடன்ட் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்லிவிட்டது. கருத்துக்கும் உருவத்துக்கும் உள்ள பேதத்தை நம் உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது 1978 இல், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில். தம்முடைய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தைத் திருடியே 'நியூ டெல்லி' என்ற ஹிந்திப் படம் எடுக்கப்பட்டது என்று அவர் வழக்காடினார். பஞ்சாபி வாலிபன் ஒருவன் வாடகை அறை கிடைப்பதற்காகத் தமிழனாக வேஷம் போடுவதும், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண்ணாகத் தோன்றுவதுமான படம் அது. பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். மாகாண வெறி என்ற கருத்து இரண்டுக்கும் பொது, அதை வளர்த்த விதம் வேறு என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆட்டத்தைக் குளோன் செய்யப் புகும் நம் மாணவர் எவரும், அமெரிக்கத் தீர்ப்புகளைத் தேடி ஓடுமுன் இந்தத் தீர்ப்பைப் படிக்கலாம்.

இங்கே, திறந்த மூல உரிமத்தின் தன்மையைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருப்பதைச் சொல்லாமல் போக முடியாது. ஜி.பி.எல். என்பது பதிப்புரிமைக்கு எதிரான சாதனம் அன்று. பதிப்புரிமையின்மேலேயே எழுப்பப்பட்ட கட்டடம். தன் படைப்பின்மீது தனக்குள்ள முழு உரிமையிலிருந்து ஒரு பகுதியை ஆசிரியன் மற்றவர்க்கு எழுதிக் கொடுக்கிறான். உரிமை இல்லாதவன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்திரம் மூல உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. அதைவிட மோசம், அப்பத்திரத்தை நம்பி அந்த நிரலை எடுத்துத் திருத்தி மேலும் பத்துப் பேருக்குக் கொடுத்தவர்கள் அனைவரும் அறியாமலே குற்றத்தில் பங்காளிகளாகிறார்கள். விலைக்கு விற்கப்பட்ட திருட்டுப் பிரதி வாங்கியவனோடு நின்றுவிடும். திறந்த உரிமத்தோடு வழங்கப்பட்ட பழுதுள்ள பிரதியோ, திருத்துவதற்கும் பரப்புவதற்கும் அழைப்பையும் கூடவே கொண்டு செல்கிறது. இலவசமாக வழங்குவோர் விற்பவரைக் காட்டிலும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

'கடையில் கிடைக்காத ஆட்டம், கம்பெனியே கைவிட்ட ஆட்டம், இதற்கு உரிமை என்ன வேண்டியிருக்கிறது?' என்று கேட்பவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. முப்பது ஆண்டுக்கு முந்திய தகடுகள் அழிகின்றன. அவற்றை ஓட்டும் கணினிகளும் மறைந்துவிட்டன. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கம்பெனிகளுக்கே சில சமயம் தெரிவதில்லை. பிரதி செய்தவர்களே பல ஆட்டங்களின் உயிரைக் காப்பாற்றியவர்கள். ஆனால் கைவிடப்பட்டது என்பதால் காலாவதியானது என்று எந்தத் தேசத்துச் சட்டமும் சொல்லவில்லை. கம்பெனிக்காக எழுதப்பட்ட படைப்புக்கு அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு ஆயுள். நம் தேசத்தில் ஆசிரியரின் மரணத்துக்குப் பின் 60 ஆண்டு. பத்து ஆண்டில் பழசாகிவிடும் பொருளுக்கு இத்தனை நீண்ட ஆயுள் அறிவுக்குப் பொருந்துவதாக இல்லை. அதை மாற்றும் அதிகாரம் சட்டசபைகளுக்கே உண்டு. அதுவரை உரிமையாளரே முன்வந்து திறந்தால்தான் முடிச்சு அவிழும்.

முன்வந்தவர்கள் இல்லாமலில்லை. 1993 இல் வெளியான 'டூம்' ஆட்டத்தின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டு, இரண்டாண்டு கழித்து ஜி.பி.எல். உரிமத்தின்கீழும் கொண்டுவந்தது, ஆட்டத்தின் அரங்குகளும் சித்திரங்களும் மட்டும் விற்பனைப் பொருளாகவே நின்றன. அந்தக் குறையை நிரப்ப 'ஃப்ரீடூம்' அன்பர்கள் புதிய அரங்குகளையும் அரக்கர்களையும் வரைந்து கொடுத்தார்கள். தன் சொந்த நிரலை வெளியிட்ட ஐடி கம்பெனியாலும் முழுதும் கொடுக்க முடியவில்லை என்பது பலர் கவனியாத செய்தி: டாஸ் பதிப்பில் ஒலிக்காக வெளியாரிடம் வாங்கிய நிரல் ஒன்று கலந்திருந்தது; அதை வழங்கத் தங்களுக்குப் பாத்தியதை இல்லை என்பதால், அது கலவாத லினக்ஸ் பதிப்பையே வெளியிட்டார்கள். 'சிம்சிட்டி' ஆட்டத்தின் நிரலைக் குழந்தைகளுக்கான மலிவு மடிக்கணினித் திட்டத்தின்பொருட்டு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2008 இல் திறந்தபோதும், பெயரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே திறந்த பதிப்பு, ஆட்டம் கருவிலிருந்தபோது வழங்கிய 'மைக்ரோபொலிஸ்' என்ற பழைய பெயருக்கே திரும்பியது.

அதே கம்பெனியின் 'கமாண்ட் அண்ட் கான்கர்' ஆட்டங்களை ஆதாரமாகக் கொண்டு, 'ஓப்பன்ஆர்ஏ' என்ற திட்டத்தார் 2007 முதல் மூலநிரலைக் காணாமலே, டாங்கி எத்தனை வேகத்தில் நகர்கிறது, குண்டு எத்தனை தூரம் பாய்கிறது என்று ஆடி ஆடி அளந்து, வேறொரு மொழியில் தங்கள் என்ஜினை எழுதிவந்தார்கள். அவர்கள்மீது வழக்கு வரவில்லை. மாறாக, 2020 இல் பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அவற்றின் முக்கிய நிரல்களை ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின்கீழ் வெளியிட்டது. ஓப்பன்ஆர்ஏ போன்ற திட்டங்களோடு பொருந்த வேண்டும் என்பதே அவ்வுரிமத்தைத் தேர்ந்ததன் காரணம் என்றும் அறிவித்தது. 2025 பிப்ரவரியில் 'ஜெனரல்ஸ்' உள்ளிட்ட மேலும் சில ஆட்டங்களின் மூலநிரலும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் அறிமுகக் குறிப்பிலேயே ஒரு நீண்ட பட்டியலைக் கண்டார்கள்: ஒலிக்கு மைல்ஸ், காட்சிக்கு பிங்க், இணைய ஆட்டத்துக்கு கேம்ஸ்பை என்று, பிறரிடம் உரிமம் பெற்றதால் கம்பெனி தர முடியாமற்போன நிரல் தொகுதிகள் அவை. அவ்விடங்களைக் கட்டற்ற வேறு தொகுதிகளைக் கொண்டு நிரப்பி ஆட்டத்தை ஓடச் செய்யும் வேலையைத் தன்னார்வலர்கள் விரைவிலேயே தொடங்கிவிட்டார்கள்.